பால் டின்னில் இருக்கும் மண்

என் அம்மாவை நான் ஏமாற்றினேன். செத்துப்போன அப்பாவை வைத்து ஏமாற்றினேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பால் டின் இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நின்றிருக்கலாம். 'சயாம் மரண ரயில் பாதை, வதைமுகாம் இருந்த இடத்து மண்' என்று கீழே எழுதியிருக்கும். என் மகள் வாசுகி எழுதியது.

அது சயாம் மண் இல்லை. சுங்கை வேயில் ஒரு லோரிப் பட்டறைக்குப் பின்னால் இருந்த மண். நான்தான் அள்ளினேன். இந்தக் கையால்...

நாற்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அப்புறம் ரப்பர் மரம், அப்புறம் லோரி. பேச்சு குறைவு. எழுத்து அதைவிடக் குறைவு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைச் சொல்கிறேன், பெரிய பிழையை இல்லை.

எனக்கு எண்பத்திரண்டு வயது. அப்பாவை நான் பார்த்ததில்லை. போட்டோவும் கிடையாது. அவர் போனபோது நான் அம்மா வயிற்றில் இருந்தேன்.

கிள்ளான் பக்கத்தில் தோட்டம். ஜப்பான்காரன் காலம். உலையில் சோறு கொதிக்கும் நேரத்தில் லோரி வந்து ஆபீஸ் வாசலில் நின்றதாம். ஆம்பிளைகள் எல்லாம் வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்று கங்காணி கத்தினாராம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்.

"சோறு எடுத்து வை. பேரு குடுத்துட்டு வந்துடறேன்."

பெயர் கொடுத்தவர்களை அப்படியே லோரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் சடக்கு, அதான் ரயில் பாதை, போட. மூன்று மாதம் என்று சொன்னார்கள்.

அம்மா சோறு எடுத்து வைத்தாள். அன்றைக்கு மட்டும் இல்லை. நாற்பத்தொரு வருடம்!

தினமும் முதல் சோறு அவருக்கு. நீலக் கரை போட்ட மங்குத் தட்டு. அதில் போட்டு மூடி, மேசை ஓரமாக வைப்பாள். அப்புறம்தான் எனக்கு. நாங்கள் சாப்பிட்டு முடித்தபிறகு, ஆறிப்போன அந்தச் சோற்றை அவள் தின்பாள். சூடான சோறு அவள் தின்று நான் பார்த்ததே இல்லை.

சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களில் முனியாண்டி மாமா ஒருவர். எங்கள் லயத்துக்காரர், ஒரே வரிசை வீடு. அப்பாவோடு ஒரே கேம்பில் இருந்தவர். வரும்போது எலும்பும் தோலுமாக வந்தாராம். அம்மா அவரைப் போய்க் கேட்டாள். அவர் சொன்னார்.

"வாந்திபேதி வந்து விழுந்ததப் பாத்தேன் தங்கச்சி. அடுத்த நாளு எங்கள வேற எடத்துக்கு ஓட்டிட்டானுங்க. செத்ததப் பாக்கல."

செத்ததைப் பார்க்கவில்லை! அந்த ஒரு சொல்லை அம்மா பிடித்துக்கொண்டாள். தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை.

அந்தக் கேம்பைப் பற்றி முனியாண்டி மாமா எனக்கும் சொல்லியிருக்கிறார். ஆற்றோரம். மூங்கில் கொட்டகை மூன்று. மழை பெய்தால் முழங்கால் வரைக்கும் சேறு. பக்கத்தில் பெரிய பாறை, யானை படுத்த மாதிரி. நான் கேட்டேன், "முள்ளுக்கம்பி வேலி இருந்துச்சா மாமா?" என்று. அவர் சிரித்தார்.

"வேலி எதுக்குடா? ஓடுனா காடு. காட்டத் தாண்டுனா காடு. வேலி போட்டிருந்தா கூடப் பரவால்ல, அந்தப் பக்கம் ஏதோ இருக்குதுன்னு தோணும்."

அதை நான் மறக்கவில்லை.

இப்போது என் கதை. மோசமான கதை.

எனக்கு அப்பாவைப் பிடிக்காது. சொல்லிவிட்டேன்! பார்க்காத மனிதரை எப்படிப் பிடிக்காமல் போகும் என்று கேட்கிறீர்களா? தினமும் உங்கள் தட்டுக்கு முன்னால் அவர் தட்டு வரட்டும். அப்போது தெரியும்.

அப்பா நன்றாகப் பாடுவாராம். அம்மா சொல்லிக் கொண்டே இருப்பாள்.

"உங்கப்பா வாயத் தொறந்தா லயமே நின்னு கேக்கும். நீ வாயத் தொறந்தா சோத்துக்குத்தான்."

விளையாட்டாகத்தான் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தீபாவளிக்கு அவருக்கு ஒரு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைப்பாள். பெட்டி நிறைய கட்டாத வேட்டி. நான் லோரி லைசன்ஸ் எடுத்துவந்து காட்டிய அன்று அவள் சொன்னது, "அவரு இருந்து பாக்கணும்." என் கல்யாணத்தில், "அவரு இருந்து பாக்கணும்." வாசுகி பிறந்தபோதும் அதேதான்.

நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், அம்மா? பக்கத்திலேயே...

அம்மாவுக்கு அறுபது தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"எனக்குக் கொள்ளி வெக்கிறதுக்கு முன்ன அவருக்கு ஒரு கருமாதி செஞ்சிடுப்பா. ஐயர்ட்ட கேட்டுட்டேன். ஒடம்பு இல்லாட்டி, செத்த எடத்து மண்ணு போதுமாம். ஒரு கை மண்ணு கொண்டா."

"அவரு செத்துட்டாருன்னு ஒத்துக்கிறியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் தாலியைத் தடவிக்கொண்டாள். "மண்ணு வந்தா ஒத்துக்கறேன்" என்றாள்.

பால் டின் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, விளிம்பைக் கல்லில் உரசி மழுங்கவைத்துக் கொடுத்தாள். என் கையைக் கீறிவிடக் கூடாதாம்.

அந்த வருடம் கிள்ளானிலிருந்து சயாமுக்கு ஒரு டூர் பஸ் போனது. அதில் இரண்டாவது டிரைவராக ஏறிக்கொண்டேன். அந்த ரயில் பாதைப் பாலம் இருக்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே அதே பாதை வேலையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். வெட்டி விட்ட புல். கல்லுக்கு ஒரு பூச்செடி. ஒவ்வொரு கல்லிலும் பெயர். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் வரிசை வரிசையாக நடந்தேன். எங்கேயாவது ஒரு தமிழ் எழுத்து இருக்காதா... எவ்வளவு முட்டாள் பாருங்கள்!

பெயர் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அப்பா. அந்தப் பெயரை எங்கேயும் காணோம்.

பஸ்ஸில் வந்தவர்கள் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மோட்டார் சைக்கிள்காரனைப் பிடித்தேன். முனியாண்டி மாமா சொன்ன ஊர்ப் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு அவன் பாஷை தெரியாது. தரையில் குச்சியால் ஆற்றைக் கீறினேன். பக்கத்தில் படுத்த யானை. அவன் தலையாட்டினான்.

வெகுதூரம் போனோம். பாறை இருந்தது.

யானை படுத்த மாதிரி. அப்படியே! கொட்டகை இருந்த இடத்தில் மரவள்ளி போட்டிருந்தார்கள். இடுப்பளவு செடி. காற்றில் இலை அசைந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு கல் இல்லை, ஒரு பலகை இல்லை. எத்தனை பேர் அந்தச் செடிக்குக் கீழே! எங்கள் தோட்டத்து ஆள்கள் மட்டுமே ஒரு லோரி நிறைய.

நான் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குனிந்தால் போதும். ஒரு கை மண். குழந்தைகூடச் செய்யும்.

அந்த மரவள்ளியைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? அழுகை இல்லை. கோபம். இத்தனை வருடம் என் தட்டுக்கு முன்னால் வந்தவர் இங்கேயா இருக்கிறார்? இந்த மண்ணுக்கா என் அம்மா ஆறிப்போன சோறு தின்றாள்? இதைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? வீட்டில் இதற்கும் ஒரு தட்டு வைப்பாள்!

மோட்டார்காரன் என் டின்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான் போலிருக்கிறது. ஒரு செடியைப் பிடுங்கி, கிழங்கோடும் மண்ணோடும் என் முன்னால் நீட்டினான். சிரித்த முகம். நல்ல மனிதன். எனக்கு அப்போதும் குனிய வேண்டியதில்லை. கையை நீட்டினால் போதும்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

அவன் மண்ணை உதறிவிட்டுக் கிழங்கை மட்டும் வண்டியில் மாட்டிக்கொண்டான். உதறிய மண் என் செருப்பில் விழுந்தது. திரும்பிவரும் வழியில் ஒரு கடையில் தண்ணீர் வாங்கி அதையும் கழுவினேன்.

இதுதான் நான் செய்தது. மற்றதெல்லாம் இதன் பின்னால் வந்தது.

ஆட்களைக் கிள்ளானில் இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்த சுங்கை வேயில் இருந்த லோரிப் பட்டறைக்கு வந்தோம். கூட வந்த டிரைவரும் போய்விட்டார். பையைத் தூக்கினேன், உள்ளே காலி டின் உருண்டு சத்தம் போட்டது. அப்போதுதான் அம்மா முகம் ஞாபகம் வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எத்தனையோ வருடம் அப்படி நின்று பழகியவள்.

கோபம் எல்லாம் எங்கே போனது? தெரியவில்லை. பயம்தான் இருந்தது.

பட்டறைக்குப் பின்னால் போனேன். லோரிக்குக் கறுப்பு எண்ணெய் மாற்றும் இடம். அங்கே குனிந்தேன். நன்றாகவே குனிந்தேன்! இரண்டு கையாலும் அள்ளி டின்னில் போட்டேன். பட்டறைச் சீனன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"அப்பா சாரி, அண்ணே?"

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன'. என்ன தேடுகிறாய் என்று கேட்டான். ஆயிரம் தடவை கேட்ட மலாய்தான். அன்றைக்கு மட்டும் என் காதில் தமிழாக விழுந்தது.

"தாக் அட" என்றேன். ஒன்றும் இல்லை.

கிள்ளான் ஆற்றங்கரையில் கருமாதி நடந்தது. அந்த மண்ணை வாழை இலையில் கொட்டி, ஐயர் தண்ணீர் தெளித்து ஆள் மாதிரி பிடித்தார். தலை, கை, கால். நான் மொட்டை போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா குனிந்து, அந்த உருவத்தின் நெஞ்சிலிருந்து கொஞ்சம் எடுத்து முகர்ந்தாள்.

"எண்ணெ வாசம் வருதேப்பா" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. சோற்றுக்குத்தானே திறக்கும் வாய்!

அம்மாவே சொன்னாள். "ரயிலு ஓடுன மண்ணுல்ல... வரத்தான் செய்யும்."

அதைக் கேட்டுச் சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள். தாலியைக் கழற்றினார்கள். வளையலை உடைத்தார்கள். பொட்டை அழித்தார்கள். நாற்பத்தொரு வருடம் இருந்த பொட்டு. அந்த இடம் மட்டும் வெளுப்பாக, வட்டமாக இருந்தது. சுங்கை வே மண்ணுக்காக என் அம்மா தாலி அறுத்தாள்!

பாதி மண்ணை ஆற்றில் விட்டோம். மீதியை டின்னில் போட்டு அவளே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நீலக் கரைத் தட்டு என் முன்னால் வந்தது. ஆவி பறக்கும் சோறு. முதல் சோறு.

"சாப்பிடுப்பா" என்றாள். "இனிமே நீதான்."

சின்ன வயதிலிருந்து நான் ஏங்கியது அதுதான். வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு வருடம் உயிரோடு இருந்தாள். ஆறு வருடமும் எனக்குத்தான் முதல் தட்டு. ஒரு நாள்கூட ருசி தெரிந்து தின்னவில்லை.

அவளுக்குத் தெரியுமா? எண்ணெய் வாசம் பிடித்தவளுக்கு அது லோரி எண்ணெய் என்று தெரியாதா? என் சட்டையைத் துவைத்தவள் அவள்தானே! அந்த வாசம் வருடக்கணக்காக அவள் வாளியில் ஊறிய வாசம்தானே! தெரிந்தும் எனக்காகச் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா... கேட்க இப்போது ஆள் இல்லை.

அவள் போனபிறகுதான் எனக்கு அந்தப் பாறை ஞாபகம் வர ஆரம்பித்தது. லோரி ஓட்டும்போது வரும். பாசாரில் மரவள்ளிக் கிழங்கைப் பார்த்தால் வரும். கிழங்கில் ஒட்டியிருக்கிற மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். கடைக்காரம்மா, "அங்கிள், கெழங்கு வேணுமா, மண்ணு வேணுமா?" என்று கேலி செய்வாள். வாங்காமல் வந்துவிடுவேன்.

அந்த இடத்துக்குப் போகவேண்டும். குனியவேண்டும். அவர் பாடுவாராமே, அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும்? செடி அசைகிற சத்தமாவது கேட்கவேண்டும். ஆனால் இரண்டு முட்டியும் போய்விட்டன. நாற்காலியில் உட்கார்ந்துதான் சாமி கும்பிடுகிறேன்.

டின்னை நான் அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். போன வருடம் வாசுகி அதை எடுத்துவிட்டாள். அவள் டீச்சர். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி நாலு பேர் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்களாம். வீட்டில் இருக்கும் பொருளைக் கொடுங்கள் என்று கேட்டார்களாம்.

"வேணாம்மா" என்றேன்.

"ஏன்ப்பா? அந்தக் கேம்பு இருந்ததுக்கே சாட்சி இல்லப்பா. இது ஒண்ணுதான் இருக்கு."

சாட்சி என்றாள். டின்னைத் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். படம் இருந்தது, வரைபடம் இருந்தது. யாரும் அங்கே நிற்கவில்லை. எல்லோரும் டின் முன்னால்தான் நின்றார்கள். யாரோ மல்லிகைப்பூ வைத்திருந்தார்கள். பங்சார் ஆபீஸில் வேலை செய்கிற பையன் ஒருவன், கழுத்தில் அட்டை தொங்க, அழுதுகொண்டு நின்றான். வாசுகி பலகையில் கதையையும் எழுதியிருந்தாள். பாட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, 'ரயில் ஓடின மண், எண்ணெய் வாசம் வரத்தான் செய்யும்' என்று சொன்ன கதை. நான் குடித்துவிட்டு எப்போதோ அவளிடம் உளறியது. பாதியை உளறியிருக்கிறேன். மீதிப் பாதியை உளறவில்லை.

அங்கேதான் பாக்கியம் அம்மா வந்தார். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு. என் வயதுதான் இருக்கும். அவர் அப்பாவும் சயாமில்தான் போனார்.

"நானும் அப்ப வயித்துப் புள்ளதான் அண்ணே" என்றார். "எங்கம்மா கடசி வரைக்கும் பொட்டோடவே போயிட்டாங்க. எங்கப்பாவுக்கு ஒண்ணுமே செய்யல. ஒரு சிட்டிக குடுங்கண்ணே. ஆடி அமாவாசைக்கு மோரிப் கடக்கரைல வெச்சு செஞ்சிடறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். "இது..." என்று ஆரம்பித்தேன்.

"சிட்டிக போதும் லா, அண்ணே. நெறைய வேணாம்" என்றார். நான் கொடுக்கத் தயங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்.

வாசுகி பெட்டியைத் திறந்தாள். அந்த அம்மா முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தினார். நான் எடுத்துப் போட்டேன். முடிச்சுப் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

நாலு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள் மதியம் போன் போட்டேன். சொல்லிவிடத்தான் போட்டேன், நம்புங்கள்.

"நான்தாம்மா. கிள்ளான்லேருந்து."

"சொல்லுங்கண்ணே!"

"சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் அண்ணே. அப்பா வந்துட்டாருல்ல... அவருக்கு மொதல்ல எடுத்து வெச்சிட்டுத்தான் நான் சாப்டேன்."

போனை வைத்துவிட்டேன்.

ஆடி அமாவாசைக்கு வாசுகி என்னை மோரிப் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். பாக்கியம் அம்மா கட்டாயம் வரச் சொன்னாராம். மண்ணைக் கொடுத்த ஆள் நான்! நல்ல கூட்டம். ஐயர் அந்தச் சிட்டிகை மண்ணைக் கடல் மணலோடு பிசைந்து உருவம் பிடித்தார். மகன் எள்ளும் தண்ணீரும் விட்டான். பாக்கியம் அம்மா என்னைப் பார்த்தார்.

"அண்ணே, ஒங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே மண்ணுல கெடந்தவங்க. வாங்க, நீங்களும் தண்ணி விடுங்க."

முட்டி மடங்காது என்று வாசுகி சொன்னாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. குனிந்தேன். சயாமில் குனியாத முதுகு, மோரிப் மணலில், சுங்கை வே மண்ணுக்குக் குனிந்தது.

அந்த எண்ணெய் வாசம் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

"அப்பா..." என்று வாயில் வந்துவிட்டது. அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. கூப்பிட்டது யாரை? எனக்கே தெரியவில்லை.

பாக்கியம் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க கொறை தீந்துச்சு அண்ணே" என்றார். தலையசைத்தேன். வேறு என்ன செய்ய?

நீங்கள் என்னைத் திட்டலாம். மன்னிக்க வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. மன்னிக்க வேண்டியவர்களில் ஒருத்தி கிள்ளான் ஆற்றில் கரைந்துவிட்டாள். இன்னொருவர் மரவள்ளிக்குக் கீழே இருக்கிறார்.

கண்காட்சி இந்த வாரத்தோடு முடிகிறது. பாக்கியம் அம்மா சொல்லிச் சொல்லி, இன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஈப்போவிலிருந்துகூட ஒரு குடும்பம். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. எல்லோரும் காத்திருந்தவர்கள்.

இதை நான் எழுதும்போது வாசுகி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மண்டபத்திலிருந்து இன்றைக்கு எடுத்துவந்த டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு, பேப்பரில் சின்னச் சின்னதாகப் பொட்டலம் கட்டுகிறாள். கரண்டி டின்னின் அடியில் உரசுகிறது.

"அப்பா" என்று கூப்பிடுகிறாள். "மண்ணு பத்தாது போலருக்கேப்பா."

அந்த மண் எங்கே கிடைக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.